இரண்டு இணைப்புகளும் ஒரு வழியும்: புலம்பெயர் தமிழ் நிறுவனங்களை முன்வைத்து இணையச் சுமைப்பகிர்வு – ஒரு விளக்கம்

முன்னுரை

பாரிஸ் நகரின் வடமேற்கே, சேன் ஆற்றின் வளைவொன்றில் அமைந்துள்ள ஆர்ஜொந்தெய், வால்-துவாஸ் மாவட்டத்தின் மக்கள்தொகை மிக்க நகராட்சியாகும். ஏறத்தாழ 1,10,000 பேர் வாழும் இந்நகரிலிருந்து சான்-லசார் நிலையத்துக்கு நேரடித் தொடர்வண்டி உண்டு. ஈழத்தமிழர் வணிகத்தின் மையமாகிய லாச்சப்பலும் இங்கிருந்து எளிதில் சென்றடையும் தொலைவிலேயே உள்ளது. இத்தகைய புறநகர்களில் வாழும் தமிழர்க்கு இணையம் என்பது செய்தியறியும் கருவி மட்டுமன்று. வார இறுதித் தமிழ் வகுப்பும், சென்னையிலிருந்து நடத்தப்படும் இசை வகுப்பும், யாழ்ப்பாணத்தில் நிகழும் இறுதிச்சடங்கைப் பிள்ளைகள் இங்கிருந்து காண்பதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. வகுப்பு தடைப்படின் மறுவாரம் நடத்தலாம். இறுதிச்சடங்கை மறுமுறை நடத்தவியலாது.

இந்த அச்சத்தினாலேயே தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும் கடைகளும் இரண்டாவது இணைய இணைப்பொன்றைப் பெற்று, இரண்டையும் ஒரே திசைவியில் பொருத்திக்கொள்ள விரும்புகின்றன. ரவுட்டர் எனப் பேச்சில் வழங்கும் அத்திசைவி இரு இணைப்புகளையும் கூட்டி இருமடங்கு வேகம் தரும் என்றும், ஒன்று அறுந்தால் மற்றொன்று தடையின்றித் தாங்கும் என்றும் பொதுவாக எண்ணப்படுகிறது. இவ்விரு எண்ணங்களும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. திசைவி எதனைப் பகிர்கிறது, எவ்வாறு பகிர்கிறது, எங்கே அதன் ஆற்றல் முடிவடைகிறது என்பன முறையே ஆராயப்படுகின்றன. இரண்டு இணைப்புகளுக்குப் பணம் செலுத்துவது வேறு, இரண்டு வழிகளைப் பெறுவது வேறு என்பதே இக்கட்டுரையின் மையக்கருத்தாகும்.

1. மூன்று பணிகள், மூன்று சொற்கள்

இத்துறையில் 'சுமைச் சமநிலை' என்ற ஒரே தொடரால் மூன்று வேறு பணிகள் குறிக்கப்படுகின்றன. குழப்பத்தின் பெரும்பகுதி இச்சொல்லாட்சியிலிருந்தே தோன்றுகிறது எனலாம். ஆகவே இக்கட்டுரையில் மூன்று சொற்கள் வரையறுத்து ஆளப்படுகின்றன.

முதலாவது, சுமைப்பகிர்வு. புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு தரவோட்டத்தையும் இரண்டு இணைப்புகளுள் ஒன்றின்வழி அனுப்புதல் இதன் பணி. இரண்டாவது, பழுதுமாற்று. ஓர் இணைப்பு செயலிழந்ததை அறிந்து, அதன்வழிச் செல்லவிருந்த தரவை மற்றதன்வழித் திருப்புதல் இதன் பணி. மூன்றாவது, பிணைப்பு. ஒரே தரவோட்டத்தின் பொதிகளை இரண்டு இணைப்புகளிலும் பிரித்தனுப்பி, மறுமுனையில் மீண்டும் ஒழுங்குபடுத்துதல் இதன் பணி.

கடைகளில் கிடைக்கும் இரட்டை இணைப்புத் திசைவிகளும், ஓபன்டபிள்யூஆர்டி, பிஎஃப்சென்ஸ் முதலிய திறந்தநிலை மென்பொருள்களும் இயல்பாகச் செய்வன முதலிரண்டு பணிகளே. மூன்றாவதற்கு, பின்னர் விளக்கப்படுவதுபோல, மறுமுனையிலும் ஒரு கருவி தேவை. வாங்குவோர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது மூன்றாவதை; பெறுவதோ முதலிரண்டை.

2. திசைவி பகிர்வது எதனை?

ஒவ்வொரு இணையச் சேவை நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்குத் தனியொரு பொதுமுகவரியை வழங்குகிறது. பிரான்சில் 'பொக்ஸ்' என்று அழைக்கப்படும் கருவியே அம்முகவரியைப் பெறும். 2002ஆம் ஆண்டு பிரீ நிறுவனம் வெளியிட்ட பிரீபொக்ஸ் கருவிக்குப் பின்னர் இப்பெயர் அந்நாட்டில் பொதுப்பெயராக நிலைத்தது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்புப் பெற்ற பள்ளிக்கு இரண்டு பொக்ஸ்களும் இரண்டு பொதுமுகவரிகளும் இருக்கும்.

தொலைவிலுள்ள வழங்கியொன்று, தன்னோடு பேசும் தரவோட்டத்தை ஐந்து அடையாளங்களால் அறிகிறது: அனுப்புநர் முகவரி, அனுப்புநர் துறை எண், பெறுநர் முகவரி, பெறுநர் துறை எண், நெறிமுறை ஆகியன. ஓட்டத்தின் நடுவில் அனுப்புநர் முகவரி மாறினால் வழங்கி அதனை அறியாத வேறொருவரின் பொதியாகக் கொண்டு புறக்கணிக்கும். ஆதலால் திசைவி ஒரே ஓட்டத்தின் பொதிகளை இரு முகவரிகளிலிருந்தும் மாற்றிமாற்றி அனுப்பவியலாது. ஓட்டம் தொடங்கும்போது வழி ஒருமுறை தெரிவு செய்யப்படும். அது முடியும்வரை அவ்வழியே நிலைக்கும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு பள்ளியில் முதல் இணைப்பு ஒளியிழை எனவும், அதன் பதிவிறக்கம் வினாடிக்கு 400 மெகாபிட், பதிவேற்றம் 200 மெகாபிட் எனவும் கொள்வோம். இரண்டாவது இணைப்பு நான்காம் தலைமுறைச் செல்பேசி அலைவழி. அதன் பதிவிறக்கம் 80 மெகாபிட், பதிவேற்றம் 20 மெகாபிட். அரங்கேற்றமொன்றின் 12 கிகாபைட் அளவுள்ள காணொளியை ஆவணக் களஞ்சியத்துக்கு ஒரே ஓட்டமாக அனுப்ப வேண்டும். ஒளியிழைவழிச் சென்றால் 8 நிமிடம் ஆகும். அலைவழிச் சென்றால் 80 நிமிடம் ஆகும். இரண்டின் கூட்டுத்தொகையான 220 மெகாபிட் வேகம் அக்கோப்புக்கு ஒருபோதும் கிட்டாது. இரண்டாவது இணைப்பைச் சேர்த்ததனால் அக்கோப்பு பத்து மடங்கு தாமதமாகச் செல்லவும் கூடும்.

ஆயின் இதே திசைவி, ஐம்பது மாணவர் ஐம்பது கருவிகளில் வெவ்வேறு பணி செய்யும்போது பெரும்பயன் தரும். ஓட்டங்கள் பலவாகும்போது இரண்டு இணைப்புகளும் நிரம்பும். சுமைப்பகிர்வு பலருக்குப் பயன்படுவது. ஒருவருடைய ஒரு பணியை விரைவுபடுத்துவதன்று.

3. பகிர்வு விகிதம்

இரண்டு இணைப்புகளும் சமமாக இல்லாதபோது, ஓட்டங்களை எவ்விகிதத்தில் பகிர்வது என்பதைத் திசைவிக்குக் கூற வேண்டும். பதிவிறக்க வேகத்தைக் கொண்டே விகிதம் அமைப்பது வழக்கம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 400க்கு 80, அதாவது 5க்கு 1 ஆகும். வகுப்பறைக்கு இவ்விகிதம் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஒரே வேளையில் 60 மாணவர் தத்தம் கருவிகளில் காணொளி உரையாடலில் இருப்பதாகவும், ஒவ்வொருவரும் வினாடிக்கு 3 மெகாபிட் பதிவேற்றுவதாகவும் கொள்வோம். மொத்தத் தேவை 180 மெகாபிட். இரண்டு இணைப்புகளின் பதிவேற்றக் கொள்ளளவு 220 மெகாபிட். எனவே இடம் போதும் என்றே தோன்றும். 5க்கு 1 என்ற விகிதத்தில் 50 ஓட்டங்கள் ஒளியிழையிலும் 10 ஓட்டங்கள் அலைவழியிலும் செல்லும். ஒளியிழையில் 150 மெகாபிட் பயன்பட்டு 50 மெகாபிட் வீணே கிடக்கும். அலைவழியிலோ 20 மெகாபிட் இடத்தில் 30 மெகாபிட் நெருக்கும். பத்து மாணவரின் குரலும் முகமும் சிதையும். பதிவேற்றத்தைக் கொண்டு 10க்கு 1 என விகிதம் அமைத்தால், ஏறத்தாழ 55 ஓட்டங்கள் ஒளியிழையிலும் 5 ஓட்டங்கள் அலைவழியிலும் செல்லும். இரண்டிலும் இடம் எஞ்சும்.

இதனால், எத்திசையில் கொள்ளளவு குறைவோ அத்திசையைக் கொண்டே விகிதம் அமைத்தல் வேண்டும் என்பது பெறப்படுகிறது. பார்ப்பவர் மிகுந்த இடத்தில் பதிவிறக்கமும், பேசுபவர் மிகுந்த இடத்தில் பதிவேற்றமும் அளவுகோலாகும். திசைவி எண்ணுவது ஓட்டங்களின் எண்ணிக்கையை. அவற்றின் பருமனை அது முன்கூட்டி அறியாது. ஆகவே பருமன் மிக்க பணிகளை விகிதத்துக்கு விடாமல் விதிகளால் ஆளுவது நன்று. காணொளி வகுப்புகள் எப்போதும் ஒளியிழையில் செல்க, இரவுநேரக் காப்புப்படிகள் அலைவழியில் செல்க என்று விதி வகுக்கலாம்.

4. முகவரியால் எழும் இடர்கள்

வங்கி, அரசு அலுவலகம் முதலியவற்றின் தளங்களுள் சில, பயனர் உள்நுழைந்தபோது இருந்த முகவரியை நினைவிற்கொள்கின்றன. அடுத்த ஓட்டம் வேறு முகவரியிலிருந்து வந்தால் ஐயுற்று வெளியேற்றிவிடும். இதனைத் தவிர்க்க, ஒரு கருவி ஒரு தளத்தோடு தொடங்கும் ஓட்டங்கள் அனைத்தும் குறித்த காலம்வரை ஒரே வழியில் செல்லுமாறு திசைவியில் அமைக்கலாம். அவ்வாறு அமைக்கும்போது பகிர்வின் சீர்மை சிறிது குறையும். பயன்பாட்டின் உறுதி கூடும்.

களப்பெயரை முகவரியாக மாற்றித்தரும் வழங்கிகளிலும் இத்தகைய சிக்கல் உண்டு. சில நிறுவனங்களின் பெயர் வழங்கிகள் தம் வாடிக்கையாளர்க்கே விடையளிக்கும். முதல் நிறுவனத்தின் பெயர் வழங்கியை மட்டும் நம்பியிருந்தால், அவ்விணைப்பு அறுந்தபின் இரண்டாவது இணைப்பு நலமாக இருந்தும் எத்தளமும் திறவாது. இரு வழிகளிலும் எட்டக்கூடிய பொதுப்பெயர் வழங்கியைத் திசைவியில் குறித்தல் இதற்குத் தீர்வாகும்.

பிரான்சில் மற்றுமொரு நுட்பமும் கருதத்தக்கது. இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பு அங்கே முன்னரே பரவிவிட்டது. 2007ஆம் ஆண்டின் இறுதியில், ரெமி தெப்ரே வகுத்த முறையைக் கொண்டு பிரீ நிறுவனம் ஐந்து வாரங்களில் அதனைத் தன் வாடிக்கையாளர்க்கு வழங்கியது. அம்முறை 2010ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 5569 என்னும் ஆவணமாகப் பதிவாயிற்று. நான்காம் பதிப்பில் திசைவி முகவரியை மாற்றி அனுப்புவதால் வழியைத் தானே தெரிவு செய்கிறது. ஆறாம் பதிப்பிலோ ஒவ்வொரு கருவிக்கும் பொதுமுகவரி நேரடியாகவே கிடைக்கிறது. இரு நிறுவனங்கள் இரு முன்னொட்டுகளைத் தரும்போது எதனைக் கொள்வது என்பதைக் கருவியே முடிவு செய்யும். நான்காம் பதிப்புக்கு மட்டும் விதி வகுத்த திசைவியில், ஆறாம் பதிப்பின் போக்குவரத்து அவ்விதிகளுக்கு உட்படாமல் ஒரே இணைப்பில் சென்றுகொண்டிருக்கும். அமைப்பு சரியாக இருந்தும் பகிர்வு நிகழவில்லை என்று கருதப்படும் இடங்களில் முதலில் நோக்க வேண்டியது இதுவே. முன்னொட்டை மட்டும் மாற்றியனுப்பும் முறையொன்று 2011ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 6296இல் விளக்கப்பட்டுள்ளது.

செல்பேசி நிறுவனங்கள் ஒரே பொதுமுகவரியைப் பல வாடிக்கையாளர்க்குப் பகிர்ந்தளிப்பதும் உண்டு. அத்தகைய இணைப்பில் வெளியிலிருந்து உள்நோக்கி வரும் தொடர்பை ஏற்கவியலாது. பள்ளியின் கண்காணிப்புக் கருவியையோ கோப்பு வழங்கியையோ வெளியிலிருந்து அணுக வேண்டுமாயின், பழுதுமாற்றின்போது அவ்வசதி இராது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

5. பழுதறிதல்

பழுதுமாற்றின் தரம் பழுதறிதலின் தரத்தைப் பொறுத்தது. திசைவிக்கும் பொக்ஸுக்கும் இடையிலுள்ள கம்பி நலமாக இருப்பதைக் கண்டு இணைப்பு நலம் என்று கொள்ளும் திசைவி பயனற்றது. தெருவில் ஒளியிழை அறுந்தாலும் அக்கம்பி நலமாகவே இருக்கும். எனவே தொலைவிலுள்ள இரண்டு மூன்று முகவரிகளுக்குச் சிறு வினவுபொதிகளை இடைவிடாது அனுப்பி விடை வருகிறதா என்று நோக்க வேண்டும். ஒரே முகவரியை மட்டும் நம்பினால், அவ்வழங்கி ஓய்வு கொள்ளும்போது நலமான இணைப்பையும் திசைவி பழுதென்று தள்ளும்.

5 வினாடிக்கு ஒருமுறை வினவி, மூன்று முறை தொடர்ந்து விடை வராதபோது பழுதென முடிவு செய்தால், மாற்று நிகழ ஏறத்தாழ 15 வினாடி ஆகும். இடைவெளியைக் குறைத்தால் சிறு தடங்கலுக்கும் வழி மாறிமாறி அலையும். மீட்சியிலும் நிதானம் தேவை: இணைப்பு சில நிமிடங்கள் தொடர்ந்து நிலைத்திருப்பதைக் கண்ட பின்னரே அதனை மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

மாற்று நிகழும்போது நடந்துகொண்டிருந்த ஓட்டங்கள் அறுபடும். முகவரி மாறிவிடுவதே காரணம். காணொளி உரையாடற் செயலிகள் தாமாகவே மீண்டும் இணையும். நேரலை ஒளிபரப்பில் சில வினாடிகள் இழப்பு நேரும். 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000ஆக வெளிவந்த குவிக் நெறிமுறை, ஓட்டத்துக்குத் தனி அடையாள எண் வழங்குவதால் முகவரி மாறினாலும் ஓட்டம் தொடர இடமளிக்கிறது. அவ்வசதி வழங்கியாலும் செயலியாலும் ஏற்கப்படும்போதே பயன்படும்.

6. வரிசையில் தேங்கும் தாமதம்

'இணையம் மெதுவாக உள்ளது' என்ற முறையீட்டின் காரணம் பல இடங்களில் கொள்ளளவுக் குறைவன்று, வரிசைத் தேக்கமே. பதிவேற்றம் வினாடிக்கு 20 மெகாபிட் உள்ள இணைப்பில், பொக்ஸின் வரிசையில் 1 மெகாபைட் தரவு தேங்கியிருந்தால், புதிதாக வரும் பொதி வெளியேற 0.4 வினாடி, அதாவது 400 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஒளி கண்ணாடியிழையில் வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், 10,000 கிலோமீட்டர் கடக்க 50 மில்லிவினாடி போதும். ஆகவே ஆர்ஜொந்தெய்க்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான கடல்தொலைவை விட, பள்ளியின் அலமாரியிலுள்ள பொக்ஸின் வரிசை மிகுந்த தாமதத்தைத் தரக்கூடும்.

இதற்குத் தீர்வு இரண்டாவது இணைப்பன்று. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை வகுத்து, நெடுநேரம் தேங்கும் பொதிகளைக் களையும் முறை 2018ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 8290இல் பதிவாகியுள்ளது. திறந்தநிலைத் திசைவி மென்பொருள்களில் அது கிடைக்கிறது. இணைப்பின் உண்மைக் கொள்ளளவுக்குச் சிறிது குறைவாகத் திசைவியின் வேகத்தை வரையறுத்தால், வரிசை பொக்ஸில் தேங்காமல் திசைவியின் ஆட்சிக்குள் வரும். ஒரே இணைப்புள்ள பள்ளியும் இதனால் பயன்பெறும் என்பதால், மாதந்தோறும் புதிய கட்டணம் ஏற்கும் முன் இதனைச் செய்து பார்ப்பது தகும்.

7. பிணைப்பும் அதன் விலையும்

ஒரே ஓட்டத்தை இரு வழிகளிலும் பிரித்தனுப்ப விரும்புவோர்க்குப் பல்வழி டிசிபி என்னும் நெறிமுறை உள்ளது. பெல்ஜியத்தின் லூவான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒலிவியே பொனவான்தூர் தலைமையிலான குழுவினர் இதன் வளர்ச்சியில் பெரும்பங்காற்றினர். 2013ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 6824ஆகவும், 2020ஆம் ஆண்டு திருத்தப்பெற்று ஆர்எஃப்சி 8684ஆகவும் இது வெளிவந்தது. பிரான்சின் ரூபே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓவிஎச் நிறுவனம் இந்நெறிமுறையைக் கொண்டு 'ஓவர்தபொக்ஸ்' என்ற சேவையை வழங்கியது. பள்ளியிலுள்ள கருவி தரவைப் பல இணைப்புகளில் பிரித்து அந்நிறுவனத்தின் தரவு நிலையத்துக்கு அனுப்பும். அங்கே பொதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டு ஒரே முகவரியிலிருந்து இணையத்துக்குள் செல்லும். ஓர் இணைப்பு அறுந்தாலும் ஓட்டம் அறுவதில்லை.

இவ்வசதிக்கு விலை உண்டு. போக்குவரத்து அனைத்தும் இடையிலுள்ள ஒரு வழங்கியைச் சார்ந்துவிடுகிறது; அது நின்றால் இரண்டு இணைப்புகளும் நலமாக இருந்தும் பள்ளி இணையமின்றி நிற்கும். இரு இணைப்புகளின் தாமதங்கள் பெரிதும் வேறுபட்டால், விரைந்து வந்த பொதிகள் தாமதமாக வரும் பொதிகளுக்காகக் காத்திருக்கும். இறுதிச்சடங்கு நேரலை, தேர்வு முதலிய அறுபடலாகாத பணிகளுக்கே இது உரியது எனலாம்.

8. இணைப்புகள் எங்கே ஒன்றாகின்றன?

இதுவரை கூறியன திசைவியின் எல்லைக்குள் அடங்குவன. இனிக் கூறுவது அதற்கு வெளியே உள்ளது; எனினும் நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பது இதுவே.

பிரான்சில் 2008 ஆகஸ்டு 4ஆம் நாள் இயற்றப்பட்ட பொருளாதார நவீனமாக்கச் சட்டம், கட்டடங்களுக்குள் இடப்படும் ஒளியிழையை எல்லா நிறுவனங்களும் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்ற நெறியை நிறுவியது. ஒழுங்குமுறை ஆணையமாகிய ஆர்செப் அதனை விரிவாக்கியது. இதன்படி, பகிர்வுமுனை எனப்படும் இடத்துக்கு அப்பால் வீடுவரை செல்லும் கட்டமைப்பு பொதுவானது. மேலும், ஒரான்ஜ் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய்கள் ஏனைய நிறுவனங்களின் வடங்களுக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. போட்டியை வளர்க்கவும் தெருக்களை மீண்டும் மீண்டும் தோண்டாதிருக்கவும் இது சிறந்த ஏற்பாடு. ஆயினும் இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு ஒளியிழை இணைப்புகள் பெற்ற பள்ளிக்கு, அவை இரண்டும் ஒரே குழாயில், ஒரே தெருப்பெட்டியின் வழியாக வரக்கூடும். மண் அகழும் இயந்திரம் ஒருமுறை தவறினால் இரண்டும் ஒருசேர அறும்.

இதன் அளவை ஒரு கணக்கால் காட்டலாம். ஒவ்வொரு இணைப்பும் ஆண்டில் 1 விழுக்காட்டு நேரம், அதாவது ஏறத்தாழ 88 மணி, செயலிழப்பதாகக் கொள்வோம். இரண்டின் பழுதுகளும் ஒன்றையொன்று சாராதனவாயின், இரண்டும் ஒருங்கே செயலிழக்கும் நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடம் மட்டுமே. ஆனால் அப்பழுதுகளுள் நான்கில் ஒரு பங்கு பொதுக் காரணத்தால் நேர்வதாயின், ஒருங்கே செயலிழக்கும் நேரம் ஏறத்தாழ 22 மணியாக உயரும். பொதுக் காரணத்தின் சிறுபங்கே, இரட்டிப்பால் கிடைத்த பயனின் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது.

ஆர்ஜொந்தெய் நகரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. அந்நகரைச் சேனின் மறுகரையோடு இணைத்த சாலைப்பாலம், தொடர்வண்டிப்பாலம் ஆகிய இரண்டும் 1870–71 பிரான்சு–பிரஷ்யப் போரில் சிதைக்கப்பட்டன. 1871 முதல் 1878 வரை அங்கு வாழ்ந்த ஓவியர் குளோத் மொனே, பழுதுபார்க்கப்பட்ட சாலைப்பாலத்தையும் புதிதாக எழுந்த தொடர்வண்டிப்பாலத்தையும் வரைந்தார். பாலங்கள் இரண்டாயினும், ஆறும் போரும் அவற்றுக்குப் பொதுவாயிருந்தன.

அண்மைக்காலத்திலும் இது நிகழ்ந்துள்ளது. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் விடியுமுன், பாரிசைப் பிற நகரங்களோடு இணைக்கும் நெடுந்தொலைவு ஒளியிழை வடங்கள் பல இடங்களில் வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டன. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர் ஒரே காலையில் பாதிக்கப்பட்டனர். பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளின்போது 2024 ஜூலை 29ஆம் நாளும் இத்தகைய துண்டிப்புகள் நேர்ந்தன.

தாயகத்தை நோக்கிய வழியிலும் இதே அமைப்பைக் காணலாம். 2005ஆம் ஆண்டின் இறுதியில் செயற்படத் தொடங்கிய சீ-மீ-வீ 4 கடல்வடம் மார்செய்யையும் கொழும்பு, சென்னை, மும்பை ஆகியவற்றையும் இணைக்கிறது. சீ-மீ-வீ 5 தூலோன் நகரையும் மாத்தறையையும் இணைக்கிறது. கரையேறும் துறைகள் வேறு. எனினும் இரண்டும் எகிப்தையும் செங்கடலையும் கடந்தே செல்கின்றன. 2008 ஜனவரி 30ஆம் நாள் அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, பிளாக் ஆகிய இரு வடங்களும் அறுந்தபோது இந்தியாவின் மேற்குநோக்கிய இணையத் தொடர்பு பெரிதும் குன்றியது. 2025 செப்டம்பர் 6ஆம் நாள் ஜெட்டாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஐஎம்இடபிள்யூஇ ஆகிய இரண்டும் ஒரே வேளையில் பழுதுற்றன. பள்ளியின் இரண்டு இணைப்புகளும் உள்ளூரில் வேறு வேறாகவே இருப்பினும், அவற்றின் நிறுவனங்கள் ஒரே கடல்வடத்தைச் சார்ந்திருந்தால் இத்தகைய பழுதைத் திசைவியால் தீர்க்கவியலாது. வினவுபொதிகள் பாரிசிலுள்ள வழங்கிகளை எட்டிவிடுவதால், பழுது நேர்ந்ததையே அது அறியாதிருக்கும்.

9. நடைமுறைக்கு உரிய ஒழுங்கு

மேற்கண்டவற்றிலிருந்து, சிறு தமிழ் நிறுவனமொன்று பின்பற்றத்தக்க ஒழுங்கு ஒன்று தோன்றுகிறது. முதலில், இருக்கும் ஒரே இணைப்பின் வரிசைத் தேக்கத்தை அளந்து சீர்செய்க. அடுத்து, இரண்டாவது இணைப்பை ஊடகத்தால் வேறானதாகத் தெரிவு செய்க. முதலாவது ஒளியிழையாயின் இரண்டாவது அலைவழியாகவோ செயற்கைக்கோள்வழியாகவோ இருத்தல் நன்று. செம்புக்கம்பி இணைப்பு இனி இதற்கு உதவாது. ஒரான்ஜ் நிறுவனம் தன் செம்புக்கம்பி வலையமைப்பை 2030ஆம் ஆண்டுக்குள் முற்றாக மூடும் திட்டத்தைச் செயற்படுத்தி வருகிறது.

மின்சாரமும் பொதுக் காரணங்களுள் ஒன்று. பழைய தொலைபேசிக் கம்பி நிலையத்திலிருந்தே மின்னூட்டம் பெற்றது. ஒளியிழைக் கருவியோ சுவரிலுள்ள மின்முனையை நம்பியிருக்கிறது. இரண்டு பொக்ஸ்களும் திசைவியும் ஒரே மின்முனையில் பொருத்தப்பட்டிருந்தால், ஓர் உருகி இரண்டு இணைப்புகளையும் நிறுத்தும். எனவே மின்கல ஆதாரம் ஒன்று திசைவிக்கு இன்றியமையாதது.

பின்னர், பதிவேற்றத்தைக் கொண்டு பகிர்வு விகிதம் அமைத்து, வகுப்புகளுக்கும் காப்புப்படிகளுக்கும் தனி விதி வகுத்து, நெறிமுறையின் இரு பதிப்புகளையும் அவ்விதிகளுக்குள் கொண்டுவருக. இறுதியாக, மாதம் ஒருமுறை வகுப்பில்லாத வேளையில் முதல் இணைப்பின் ஒளியிழையைக் கழற்றிப் பார்க்க. சோதிக்கப்படாத மாற்றுவழி உண்டு என்று கணக்கிடத்தக்கதன்று. மீளவியலாத நிகழ்வுகளுக்கு இவையும் போதா: நிகழ்விடத்திலேயே முழுமையான காணொளிப் பதிவொன்று எடுத்துவைத்தல் வேண்டும். இணைப்பு அறுந்தாலும் நிகழ்வு இழக்கப்படாது. சில மணிநேரம் பிந்தியேனும் பிள்ளைகளை அடையும்.

முடிவுரை

இரட்டை இணைப்புத் திசைவி தரவோட்டங்களைப் பகிர்கிறது. ஒரே ஓட்டத்தின் பொதிகளைப் பிரித்தனுப்புவதில்லை. எனவே அது பலர் பயன்படுத்தும் இடத்தில் கொள்ளளவைக் கூட்டும். ஒருவரின் ஒரே பணியை விரைவுபடுத்தாது. பழுதுமாற்று சில வினாடி இழப்போடு நிகழும். இழப்பின்றி நிகழப் பிணைப்பு வேண்டும். பிணைப்போ மூன்றாமிடத்தைச் சார்ந்திருக்கும். குரலின் தெளிவு கொள்ளளவை விட வரிசை ஒழுங்கைப் பெரிதும் சார்ந்துள்ளது. இவை யாவும் திசைவியின் அமைப்பால் ஆவன.

இரண்டு இணைப்புகளும் எங்கே பிரிகின்றன, எங்கே மீண்டும் கூடுகின்றன என்ற வினாவுக்குத் திசைவியின் திரையில் விடை இராது. தெருப்பெட்டியிலும், நிலத்தடிக் குழாயிலும், மின்முனையிலும், செங்கடலின் அடியிலும் அவ்விடை உள்ளது. சுமைப்பகிர்வு, பழுதுமாற்று, பிணைப்பு ஆகிய மூன்றையும் தமிழில் தனித்தனிச் சொற்களால் வழங்குவது, தாம் எதற்காகப் பணம் செலுத்துகிறோம் என்பதைத் தமிழ்ப்பள்ளி நிருவாகிகள் தெளிந்துகொள்ள உதவும். கலைச்சொல்லாக்கம் அகராதிக்கு மட்டும் உரிய பணியன்று. தொலைவில் வாழும் மக்கள் தம் உறவுகளோடு கொண்டுள்ள தொடர்பைப் பேணவும் அது துணைநிற்கும்.